வெட்டுப்புள்ளிக்கு அப்பால்: கிராண்ட்பாஸ் இளையோரும் திறந்த பல்கலைக்கழகமும்

கொழும்பு மாவட்டம் என்ற ஒரே பெயருக்குள் வசதியான கறுவாத்தோட்டமும் இருக்கிறது, வறிய கிராண்ட்பாஸும் இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும் 55 சதவீதம் மாவட்டப்படியும் வழங்கப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு உரியது. அந்தப் பட்டியலில் கொழும்பு இல்லை. கிராண்ட்பாஸில், களனி ஆற்றோரத் தோட்டக் குடியிருப்புகளில், ஒற்றையறை வீட்டில் உயர்தரம் படித்த பிள்ளை, நாட்டின் மிக வசதியான பாடசாலைகளின் மாணவரோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறது. கிளிநொச்சிக்கும் மொனராகலைக்கும் கிடைத்த நியாயம் நகருக்குள் மறைந்திருக்கும் வறுமைக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய நிறுவனம் தொலைவில் இல்லை. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நாவலையில் இருக்கிறது. உயர்தரச் சித்தி இல்லாதவரும் 18 வயதானால் அங்கே அடிப்படை நிலையில் சேர்ந்து மேலே ஏறலாம். புறக்கோட்டைக் கடையிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பதுதான் அதன் வாக்குறுதி. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டபோதும் இதே எண்ணமே அடிப்படையாக இருந்தது.

ஆனால் நெகிழ்வு என்று நாம் சொல்வது யாருடைய நாளை வைத்து அளக்கப்படுகிறது? பாடநூல் வீட்டுக்கு வந்துவிடும். அதைப் படிக்க மேசை வராது. இறுதிப் பரீட்சைக்கு அமரத் தொடர்மதிப்பீட்டில் தகுதி பெற வேண்டும். மதிப்பீட்டுத் தேர்வு வேலைநாளில் விழுந்தால் நாட்சம்பளக்காரருக்கு அது ஒருநாள் கூலி இழப்பு, சில கடைகளில் வேலையே போய்விடும் பயம். அந்தத் தகுதி தவறினால் ஒரு பாடத்துக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டிவரும். இங்கேதான் என் மனம் மிகவும் உறுத்துகிறது. 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா தந்த இலவசக் கல்வியின் பயனை வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் பல்கலைக்கழகத்திலும் தொடர்ந்து அனுபவிக்கிறார். அரைப் புள்ளியில் தவறியவரோ அதே அரசின் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார். எவருக்கு உதவி அதிகம் தேவையோ அவரிடமே பணம் கேட்கப்படுகிறது.

மொழி இன்னும் ஆழமான சிக்கல். அறிவியல் அடிப்படைப் பாடநெறியைத் தமிழில் படித்தவர் விஞ்ஞானமாணிக்கு வரும்போது ஆங்கிலத்தில் தொடர வேண்டும். ஏணியின் முதற்படிகள் நம் மொழியில். நடுவே ஒரு படி இல்லை. கொழும்பில் வாழ்வதால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் கிராண்ட்பாஸ் பிள்ளைகளைக் கண்டதில்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் அவர்கள் பேசுவது தமிழும் சிங்களமும். இதே பல்கலைக்கழகத்தில் மூன்று மொழிகளிலும் கற்பிக்கப்படும் சட்டமாணி, பாதை வேறுவிதமாகவும் அமையலாம் என்பதற்குச் சான்று. விஞ்ஞானத்தில் முழு மொழிமாற்றம் கடினம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அடிப்படை ஆண்டிலேயே பாடச்சொற்களோடு இணைத்து ஆங்கிலத்தைக் கற்பிப்பது கடினமல்ல. தனியே நடத்தும் ஆங்கில வகுப்பு இதற்கு ஈடாகாது. ஒளித்தொகுப்பைத் தமிழில் விளங்கிக்கொண்ட அதே வாரம் அதை ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும்.

தொழிற்கல்வி வழியும் உண்டு. தேசிய தொழிற்றகைமையின் ஏழாம் மட்டம் பட்டத்துக்கு இணையானது. அதைத் தோல்வியடைந்தோரின் வழி என்று தாய்தகப்பன் நினைப்பது துயரம்; ஆசிரியர்களும் சிலவேளை அப்படியே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் திறந்த பல்கலைக்கழக வழியில் கட்டணமும் தேர்வு நாளும் மொழியும் தொடக்கத்திலேயே தடுப்பதால், அதன் தொடக்க ஆண்டைத்தான் மாற்ற வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தை மாதத் தவணையாக்கலாம். குறைந்த வருமானத்துக்குச் சான்று தருவோருக்கு நீக்கலாம். மதிப்பீட்டுத் தேர்வுகளை ஞாயிறன்று வைக்கலாம். கிராண்ட்பாஸ் பாடசாலைகளின் வகுப்பறைகளை மாலை ஏழு முதல் பத்து வரை திறந்து, விளக்கும் விசிறியும், மூத்த மாணவர் ஒருவரும் அங்கே இருந்தால் போதும். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி விட்டதும் அதன் படலை பூட்டப்படுகிறது.