புழுக்கத்தை அளந்த வரலாறு: வெப்ப அலையும் மனித உடலும்

கோடை வெப்பம் மனித உடலை எந்த அளவுக்கு வருத்துகிறது என்பதைக் காற்றின் வெப்பநிலையை மட்டும் கொண்டு அறிய இயலாது. காற்றின் ஈரப்பதம், அதன் வேகம், வெயிலின் கதிர்வீச்சு, செய்யும் வேலை, உடுத்தும் உடை ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றை ஒரே அளவையாகத் தொகுக்கும் முயற்சி சுரங்கங்களிலும் ஆய்வகங்களிலும் படைமுகாம்களிலும் வளர்ந்தது. அவ்வாறு உருவான அளவைகள் உழைக்கும் வயதினரின் உடலையே பெரிதும் முன்மாதிரியாகக் கொண்டிருக்க, வெப்ப அலைகளில் மிகுதியாக மடிந்தவர்களோ அந்த முன்மாதிரிக்கு வெளியே இருந்தவர்கள் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முதன்மையான செய்தியாகும்.

நீர் கொதிக்கும் நிலையையும் விஞ்சிய வெப்பமுள்ள அறையில், காற்று வறண்டிருந்தால், மனிதரால் சில நிமிடங்கள் தங்கியிருக்க முடியும் என்பதை 1775இல் இங்கிலாந்தின் சார்லஸ் பிளாக்டன் பதிவுசெய்தார். மண்பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்வதைப் போல, வியர்வை ஆவியாவதால் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. புழுக்கம் எனப்படுவது இந்நிலையே. இவ்வேறுபாட்டை எண்ணால் வரையறுத்தவர் ஜே.எஸ். ஹால்டேன். கார்ன்வால் சுரங்கங்களின் வெப்பத்தை ஆராய்ந்த அவர், 1905இல் வெளியிட்ட கட்டுரையில், உடல் தாங்கும் எல்லையை ஈரக்குமிழ் வெப்பநிலையே, அதாவது குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிய வெப்பமானி காட்டும் அளவே, தீர்மானிக்கிறது என்றும், அசைவற்ற காற்றில் அது ஏறத்தாழ 31 பாகை செல்சியசைக் கடந்தால் உடல் வெப்பம் உயரத் தொடங்குகிறது என்றும் நிறுவினார்.

1923இல் ஆய்வாளர்கள் ஹௌட்டன், யாக்லூ ஆகிய இருவரும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மனிதர்களை வெவ்வேறு வெப்பமும் ஈரமும் கொண்ட இரு அறைகளுக்கிடையே மாறி மாறிச் செல்லவைத்து, ஒரே உணர்வைத் தரும் நிலைகளைத் தொகுத்துப் ‘பயனுறு வெப்பநிலை’ என்னும் அளவையை உருவாக்கினர். அதன் நோக்கம் கட்டடங்களுக்குள் இதமான சூழலை அமைப்பதாகும். பயிற்சிக் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் வெப்பத்தால் மயங்கி விழுந்ததையும் இறந்ததையும் தடுப்பதற்காக, யாக்லூவும் மினார்டும் 1957இல் ஈரக்குமிழ் அளவுக்கு 70 விழுக்காடும், கதிர்வீச்சை ஏற்கும் கருங்கோள வெப்பமானிக்கு 20 விழுக்காடும், காற்றின் வெப்பநிலையைக் காட்டும் உலர்குமிழ் அளவுக்கு 10 விழுக்காடும் மதிப்பளித்த கூட்டளவையை முன்வைத்தனர். இன்றும் தொழிற்கூடங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் வேலையையும் ஓய்வையும் வகுக்க அது பயன்படுகிறது.

இவ்வளவைகள் காணத் தவறியவர்களை 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலை வெளிப்படுத்தியது. அங்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த 700க்கும் மேற்பட்ட இறப்புகளை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க், ஏறத்தாழ ஒத்த வறுமை கொண்ட அண்டைப் பகுதிகளிலேயே இறப்பு விகிதம் பெரிதும் வேறுபட்டதைக் காட்டி, தனிமையும் ஆளரவமற்ற தெருக்களும் முதியோரைக் கொன்றன என்று விளக்கினார். 2003 ஆகஸ்டு வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து மூளையின் இயக்கம் குலையும் வெப்பவாதம் இவ்விறப்புகளின் ஒரு பகுதிக்கே காரணம். தோலுக்குக் கூடுதல் குருதியை அனுப்பும் பளுவால் நலிந்த இதயமும், நீரிழப்பால் பாதிக்கப்படும் சிறுநீரகமும் பலரது உயிரைப் பறிக்கின்றன. இரவிலும் வெப்பம் தணியாதபோது உடல் மீளும் வாய்ப்பையே இழக்கிறது. எனவே, 2004இல் பிரான்சு வகுத்த திட்டம் முன்னெச்சரிக்கைக்கு வழிசெய்ததோடு, தனித்து வாழும் முதியோரின் பதிவேட்டைப் பேணுவதை உள்ளூராட்சிகளின் பொறுப்பாக்கியது.

இந்தியாவில் இத்தகைய திட்டமிடல் அகமதாபாத்தில் தொடங்கியது. 2010 மே மாதத்தில் வெப்பம் 46.8 பாகையை எட்டி, 1,300க்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகள் நேர்ந்ததை அடுத்து, அம்மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளியில் 40 பாகையையும் கடலோரத்தில் 37 பாகையையும் வெப்ப அலைக்கான தொடக்க எல்லைகளாகக் கொண்டு, இயல்பிலிருந்து வெப்பம் எவ்வளவு விலகுகிறது என்பதையும் சேர்த்துக் கணிக்கிறது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

ஈரக்குமிழ் 35 பாகையே மனிதர் தாங்கும் உச்ச எல்லை என 2010இல் ஆய்வாளர்கள் ஷெர்வுட்டும் ஹூபரும் கோட்பாட்டளவில் கணித்தனர். ஆனால் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட சோதனைகள், உடல்நலம் மிக்க இளைஞர்களுக்கே வெம்மையும் ஈரமும் மிக்க சூழலில் அவ்வெல்லை ஏறத்தாழ 31 பாகைதான் எனக் காட்டி, ஹால்டேன் கண்ட அளவை நெருங்கின. இளைஞரின் எல்லையே இவ்வளவு தாழ்ந்ததாயின், முதியோர், நோயாளர், உப்பளத்திலும் செங்கற்சூளையிலும் உழைப்போர் ஆகியோரின் எல்லை அதனினும் தாழ்ந்ததாகவே இருக்க முடியும். ஆதலால், கடலோர மக்களுக்கான எச்சரிக்கை பகல் உச்ச வெப்பத்தோடு நில்லாமல், ஈரக்குமிழ் அளவையும் இரவு வெப்பத்தையும் கணக்கில் கொண்டு, நலிந்தோரின் எல்லையிலிருந்தே வகுக்கப்பட வேண்டும்.