நாயின் இருமல்: ஒரு சிறு வரலாறு

கல்வராயன் மலைத்தொடருக்கு வடக்கே, செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூர் என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் ஒரு நடுகல் கிடைத்துள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பெற்ற கல் அது. எருமை மந்தையைக் காக்க நின்று மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. அவ்வீரனின் உருவத்திற்கு அருகிலேயே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. அரசர் பலருடைய பெயரே மறைந்து போன நாட்டில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நின்று நிலவுகிறது.

நாயை இவ்வளவு போற்றிய நம் முன்னோர், அது நோயுற்றபோது என்ன செய்தார்கள் என்பதை அந்தக் கல் கூறவில்லை. கூறுவதற்கு அவர்களிடம் மிகுதியாக ஒன்றும் இருந்திருக்கவும் முடியாது. நாய் ஏன் இருமுகிறது என்னும் எளிய வினாவிற்கு விடை காண உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. அந்த விடையின் வரலாற்றையும், அவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய கடமைகளையும் இன்று சிறிது நோக்குவோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் நீல நிறத்தில் தெரிவது கல்வராயன் மலை. கோமுகி ஆறு பிறப்பது அம்மலையில்தான். மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் அங்கே சாமையும் கேழ்வரகும் விளைத்து வாழ்கின்றனர். 1976ஆம் ஆண்டு வரை அம்மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. அதன் பின்னரே அரசின் நேரடி நிருவாகத்திற்கு வந்தது. காட்டை ஒட்டிய கொல்லையிலும் ஆட்டுப்பட்டியிலும் இரவுக் காவலுக்கு நாயைப் போன்ற துணை வேறில்லை. அத்தகைய நாய் ஒரு நாள் இருமத் தொடங்குகிறது என்று கொள்வோம். மறுநாளும் இருமுகிறது, ஒரு வாரம் கழிந்தும் நிற்கவில்லை. வீட்டார் என்ன எண்ணுகின்றனர்? 'தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்' என்கிறார் ஒருவர். 'சளிதான், தானே போய்விடும்' என்கிறார் மற்றொருவர். இரண்டும் சில வேளைகளில் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டும் பொய்யாகும் வேளைகளும் உண்டு. அப்போது நாயின் உயிர் போகும். சில வேளைகளில் மனிதனின் உயிரும் போகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஐரோப்பிய நாடுகளில் ஒரு கொடிய நாய்நோய் பரவியது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிதல், இருமல், கழிச்சல், இறுதியில் வலிப்பு என்று அந்நோய் படிப்படியாக வளரும். இளங்குட்டிகளே அதற்கு மிகுதியாக இரையாயின. ஆங்கிலேயர் அதனை 'டிஸ்டெம்பர்' என்றனர். அம்மைத் தடுப்பு முறையை 1796இல் கண்ட எட்வர்டு ஜென்னரே இந்நோயைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். 1809இல் அவர் தம் கருத்துகளைக் கற்றோர் அவையில் வெளியிட்டார். இது வெறிநாய்க்கடி நோயினின்றும் வேறானது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். இன்று நமக்கு அஃது எளிய செய்தி. அன்றோ, வலிப்பு வந்து நுரை தள்ளும் நாய்களையெல்லாம் வெறிநாய் என்றே மக்கள் அஞ்சினர். இரண்டு நோய்களைப் பிரித்தறிந்ததே அறிவின் முதற் படியாயிற்று.

அடுத்த படியில் அறிவியல் தடுக்கி விழுந்தது. 1905ஆம் ஆண்டில் ஹென்றி காரே என்னும் பிரெஞ்சு அறிஞர், நோயுற்ற நாயின் மூக்குநீரை நுண்ணிய வடிகட்டியில் செலுத்தினார். பாக்டீரியங்கள் வடிகட்டியில் தங்கிவிட்டன. அப்படியிருந்தும் வடிந்த நீர் நோயை உண்டாக்கியது. ஆகவே இந்நோய்க்குக் காரணம் பாக்டீரியத்தினும் நுண்ணியதோர் உயிர்ப்பொருள், அதாவது வைரஸ், என்றார் அவர். பலர் இதனை ஏற்கவில்லை. 1910, 1911ஆம் ஆண்டுகளில் ஃபெர்ரி முதலிய ஆய்வாளர்கள் இருமும் நாய்களின் மூச்சுக்குழலில் ஒரு பாக்டீரியத்தைக் கண்டனர். 'இதோ டிஸ்டெம்பரின் காரணம்' என்று கூறப்பட்டது. பல ஆண்டுகள் இக்கருத்தே செல்வாக்குப் பெற்றிருந்தது.

உண்மை யாது? இரு சாராரும் கண்டது மெய்யே. ஆனால் அவர்கள் கண்டவை இரு வேறு நோய்கள். ஃபெர்ரி கண்ட பாக்டீரியம் இன்று 'போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா' எனப்படுகிறது. குழந்தைகளுக்குக் கக்குவான் இருமலை உண்டாக்கும் கிருமிக்கு அது நெருங்கிய உறவு. நாய்கள் கூட்டமாக அடைக்கப்படும் இடங்களில் விரைந்து பரவும் 'கென்னல் இருமல்' என்னும் தொற்றிருமலுக்கு அது ஒரு காரணம். டிஸ்டெம்பருக்கோ காரே கூறியபடி வைரஸே காரணம். இருமல் என்னும் ஓர் அடையாளத்தைக் கண்டு நோய் ஒன்றே என்று எண்ணியதுதான் இக்குழப்பத்திற்கு வேர்.

இக்குழப்பத்தைத் தீர்த்தவர்கள் பாட்ரிக் லெய்ட்லா, டங்கின் என்னும் இருவர். 1923இல் 'ஃபீல்டு' என்னும் ஆங்கில இதழ் நாய்நோய் ஆராய்ச்சிக்கென நிதி திரட்டியது. நாய் வளர்ப்போர் பலர் பொருள் வழங்கினர். அந்நிதியின் துணையால் லண்டனை அடுத்த மில் ஹில்லில் ஆராய்ச்சி நிகழ்ந்தது. மரநாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெரட் என்னும் சிறு விலங்கிற்கும் இந்நோய் எளிதில் தொற்றும் என்பதை அவர்கள் பயன்படுத்திக் கொண்டனர். 1926இல் வைரஸே காரணம் என்பது உறுதியாயிற்று. அப்பத்தாண்டு முடிவதற்குள் தடுப்பு மருந்தும் உருவாயிற்று.

மாணவ நண்பர்களே, கதை இங்கே முடிந்திருந்தால் அது நாய் வளர்ப்போருக்கு மட்டுமே உரியதாக இருந்திருக்கும். 1918ஆம் ஆண்டில் உலகை வாட்டிய இன்ஃபுளுவென்சாக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. அதன் காரணம் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் விளங்கவில்லை. 1933இல் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும், காய்ச்சலுற்றவரின் தொண்டை கழுவிய நீரை ஃபெரட்டின் மூக்கில் இட்டனர். அது தும்மியது, காய்ச்சலுற்றது. மனிதனின் இன்ஃபுளுவென்சா வைரஸ் இவ்வாறு முதன்முதலில் பிடிபட்டது. நாயின் இருமலை ஆராய்வதற்காகப் பழகிய விலங்கே மனிதனின் நோய்க்கும் வழி காட்டியது. நாய்க்கென வழங்கிய பணம் மனித குலத்திற்கு வட்டியோடு திரும்பி வந்தது எனலாம்.

நம் நாட்டிலும் அக்காலத்தில் விலங்கு மருத்துவம் வேரூன்றி வந்தது. 1903இல் சென்னைச் சைதாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் அது வேப்பேரிக்குப் பெயர்ந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்குத் தென்னாட்டில் அதுவே பெரும் புகலிடமாயிற்று. கள்ளக்குறிச்சிக்கு அண்மையில், சேலம் மாவட்டத் தலைவாசலை அடுத்த கூட்டுரோட்டில், கால்நடை அறிவியலுக்கான பெரியதோர் ஆராய்ச்சி நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. ஏழாம் நூற்றாண்டுக் கோவிவனுக்குக் கிட்டாத உதவி இன்றைய கோவிவன்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. அதனை நாடுவதற்குரிய அறிவுதான் நமக்கு வேண்டும்.

அவ்வறிவின் முதற் பாடம், இருமலைக் கண்டவுடன் நோய்க்குப் பெயரிட்டுவிடாமல், கூர்ந்து நோக்குவது. வறண்ட இருமலா, சளியோடு கூடியதா? ஓடியபின் வருகிறதா, இரவில் படுத்திருக்கும்போது வருகிறதா? உண்கிறதா, மறுக்கிறதா? எத்தனை நாளாயிற்று? ஈறுகளின் நிறம் என்ன? இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொன்னால், வாய் பேசாத நோயாளிக்கு நாம் வாயாகிறோம். தொற்றிருமல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தணிந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் நீடித்தால் காட்டியே ஆக வேண்டும். காய்ச்சல், மூச்சுத்திணறல், உணவு மறுத்தல், கண்ணிலும் மூக்கிலும் சீழ், ஈறு வெளுத்தல் அல்லது நீலம் பாய்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வாரக்கணக்குப் பார்க்கலாகாது. அன்றே செல்ல வேண்டும். குட்டி நாயாயின் இன்னும் விரைய வேண்டும். முதிய நாயின் நெடுநாள் இருமல் இதய நோயாலும் வரலாம். கொசுவின் வழியே புகுந்து இதயத்திலும் நுரையீரல் நாளங்களிலும் வளரும் புழுவாலும் வரலாம். வீட்டில் காசநோயாளர் இருப்பின் அவரிடமிருந்து நாய்க்குத் தொற்றுவதும் உண்டு.

இரண்டாம் பாடம் ஜென்னர் கற்பித்தது. நாயின் கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல், குரல் மாறி, எதுவோ தொண்டையில் சிக்கியது போல் அது வருந்துமாயின், எலும்பை எடுக்கலாம் என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். கடிக்காத, சோர்ந்து கிடக்கும் வெறிநோயும் உண்டு. அது தோன்றும் தோற்றம் இதுவே. எச்சில் ஒரு கீறலில் பட்டாலும் போதும். அவ்வாறு நேர்ந்துவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்பு நீரால் கழுவி, காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய் வெளிப்பட்ட பின்னர்ப் பிழைத்தவர் அரியர்.

மூன்றாம் பாடம், கைக்கு எட்டிய மருந்தையெல்லாம் கொடாமை. நமக்கு நன்மை தரும் பாராசிட்டமால், இப்யூபுரோபென் போன்ற மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். நம் இருமல் மருந்துகளும் அவ்வாறே. மருத்துவரைக் காணும் வரையில், அடுப்புப் புகையும் தூசியும் இல்லாத இடத்தில் கிடத்துங்கள். நல்ல நீர் வையுங்கள். கழுத்தை இறுக்கும் பட்டையை அவிழ்த்து, மார்பைச் சுற்றிக் கட்டும் வாரை அணிவியுங்கள். ஓடவிடாதீர்கள். மற்ற நாய்களிடமிருந்து பிரித்து, உணவுக் கலத்தையும் தனியே வையுங்கள்.

நான்காவது பாடமே எல்லாவற்றினும் பெரியது. அது லெய்ட்லா விட்டுச் சென்ற செல்வம். குட்டி ஆறு முதல் எட்டு வார வயது அடைந்ததும் டிஸ்டெம்பர் தடுப்பூசியைத் தொடங்கி, பதினாறு வாரம் வரை மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர வேண்டும். ஓராண்டுக்குப் பின் மீண்டும் ஒன்று போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியையும் மறத்தலாகாது.

மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கு இது சொந்த வீட்டுக் கடமை மட்டும் அன்று. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் டிஸ்டெம்பரால் மாண்டன. அதன் பின்னர்க் காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணி அங்கே மேற்கொள்ளப்பட்டது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. கல்வராயன் மலையில் சிங்கம் இல்லை. ஆனால் நரியைப் போன்ற காட்டு உயிர்களுக்கும் இந்நோய் தொற்றும். கொல்லையில் காவல் நிற்கும் நாய் காட்டின் விளிம்பில் நிற்கிறது. அதன் மூச்சும் காட்டின் மூச்சும் அங்கே கலக்கின்றன.

எடுத்தனூர் மக்கள் தம் நாய் இறந்த பின் அதற்குக் கல்லில் இடம் தந்தார்கள். அவர்களால் இயன்றது அது. நமக்கு இயன்றது அதனினும் மேலானது. தொடர்ந்து இருமும் நாயைச் 'சளிதான்' என்று திண்ணையோரம் விட்டுவிடாமல், அதன் நோயை அறிந்து காப்பாற்ற நம்மால் முடியும். இரவெல்லாம் நமக்காக விழித்திருந்த உயிருக்காக நாம் ஒரு பகல் நடந்து மருத்துவமனைக்குச் செல்லலாகாதா?