ஜுனூனும் மரபும்: ஒரு வரலாற்றுப் பார்வை

அரபு மொழியில் ஜீம், நூன், நூன் என்னும் மூவெழுத்து வேர் மறைத்தலைக் குறிக்கும். அறிவு மறைக்கப்பட்ட நிலை ‘ஜுனூன்’. தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் சிசு ‘ஜனீன்’. ஒரே வேரில் கிளைத்த இவ்விரு சொற்களையும் இணைக்கும் கேள்வியொன்று நெடுங்காலமாக மக்களை வாட்டி வருகிறது. பெற்றோரிடமோ அவர்தம் குடும்பத்திலோ உள்ள மனநோய், பிறக்கும் பிள்ளையையும் வந்து சேருமா?

நம் சமூகத்தில் இக்கேள்வி பெரும்பாலும் நிக்காஹ் பேசும்போதுதான் எழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தந்தையார் நம்மைத் தேடி வந்தார். மகனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் தமையனார் மனநோய்க்கு மருந்து உண்பவர் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிய வந்திருந்தது. “பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, ஹஜ்ரத். ஆனாலும் இரத்தத்தில் இருக்குமல்லவா?” என்று கேட்டார். நாம் பொதுவாக ஆறுதல் கூறி அனுப்பினோம். சம்பந்தம் முறிந்தது. அன்று சொன்ன விடை நமக்கே நிறைவளிக்காமையால், பின்னர் ஃபிக்ஹ் நூல்களிலும் மருத்துவ வரலாற்றிலும் தேடிக் கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

மரபு என்னும் கருத்து நம் முன்னோர்க்குப் புதியதன்று. புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சியொன்றை மத்ரஸாவில் ஓதியோர் அறிவர். தம் மனைவி கறுத்த குழந்தையைப் பெற்றிருப்பதாகக் கிராமவாசி ஒருவர் ஐயத்தோடு வந்து முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை வினவினார்கள். சிவந்த ஒட்டகங்களிடையே சாம்பல் நிறத்ததும் உண்டென்றும், முன்னோரின் ஏதோவொரு ‘இர்க்’ அதை இழுத்திருக்கலாம் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். குழந்தையின் நிறமும் அவ்வாறே வந்திருக்கலாம் என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ‘இர்க்’ என்பதற்கு நரம்பு, வேர் என்னும் பொருள்கள் உண்டு. பெற்றோரிடம் வெளிப்படாத ஒரு தன்மை முன்னோர் வழியாகப் பிள்ளையிடம் தோன்றக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது. மரபைப் பற்றிய அவ்வறிவு இங்கே ஒரு தாயின் மானத்தையும் குழந்தையின் வம்சத்தையும் காக்கவே எடுத்தாளப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

மனநோயை ஆராய்ந்த முஸ்லிம் மருத்துவர்களுள் இஸ்ஹாக் இப்னு இம்ரான் முதன்மையானவர். பக்தாதிலிருந்து கைரவானுக்கு வந்து அக்லபிய அமீர்களிடம் பணியாற்றிய இவர், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தார். ‘மாலிகூலியா’ எனப்படும் துயர நோயைப் பற்றி இவர் எழுதிய நூல் பதினோராம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் என்பவரால் இலத்தீன் மொழிக்குச் சென்று ஐரோப்பாவில் பயிலப்பட்டது. இந்நோய் சிலருக்குப் பிறவியிலேயே அமைவதுண்டு என்றும், தந்தையின் விந்திலோ தாயின் கருப்பையிலோ நேரும் கேடு அதற்குக் காரணமாகலாம் என்றும் அவர் கருதினார். ஆயினும் காரணங்களின் பட்டியலை அவர் அத்துடன் முடித்துவிடவில்லை. உணவிலும் உறக்கத்திலும் ஒழுங்கின்மை, அளவு கடந்த கல்வி உழைப்பு, அருமைப் பிள்ளையை இழத்தல், அறிஞர் தம் நூல்களை இழத்தல் ஆகியவற்றையும் அதில் சேர்த்தார். பிறவியும் வாழ்வும் சேர்ந்தே நோயை உண்டாக்கும் என்பது அவர் எழுத்திலிருந்து நாம் பெறும் கருத்து.

சட்ட அறிஞர்கள் இதனை எவ்வாறு அணுகினர்? இமாம் ஷாஃபிஈ (ரஹ், மறைவு கி.பி. 820) அவர்களின் ‘அல்-உம்மு’ என்னும் நூலில் இதற்கு நேரான விவாதம் உள்ளது. திருமணத்தை முறிக்க உரிமை தரும் குறைகளாக ஜுனூன், தொழுநோய், வெண்குட்டம் முதலியவற்றை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னிரண்டும் துணைக்கும் பிள்ளைக்கும் தொற்றும் என்று மருத்துவம் அறிந்தோரும் அனுபவமுடையோரும் கூறுவதைக் காரணமாகக் காட்டுகிறார்கள். ஜுனூனுக்கு வரும்போது பிள்ளையைப் பற்றிய பேச்சே இல்லை. அறிவிழந்தவரால் துணையின் உரிமைகளை நிறைவேற்ற இயலாது என்பதே அங்குக் காட்டப்படும் காரணம். அன்றியும், அக்குறை மணமக்களிடத்தில் இருந்தால்தான் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கிறது. தமையனின் நோயோ தந்தையின் நோயோ அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. தொழுநோய் பெற்றோர் வழி இறங்கும் என்பது அக்கால மருத்துவரின் முடிபு. 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் அதன் கிருமியைக் கண்டறிந்தபின் அம்முடிபு மாறியது. இமாமவர்கள் அக்கூற்றை மருத்துவத் துறையினரின் பொறுப்பிலேயே விட்டிருந்தார்கள். மரபு பற்றிய செய்தியை அத்துறையோரிடமே கேட்டறிய வேண்டும் என்பதும், அவர்களின் அறிவும் வளர்ந்து திருந்தும் என்பதும் இதனால் விளங்கும்.

இவ்வடக்கம் மறக்கப்பட்டபோது நேர்ந்த கொடுமைக்கு ஜெர்மனியின் வரலாறு சான்று. எர்ன்ஸ்ட் ரூடின் என்னும் மனநல மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகளின் உடன்பிறந்தோரை ஆராய்ந்து 1916இல் நூல் வெளியிட்டார். நோய் எளிய மெண்டல் விதிப்படி இறங்கவில்லை என்பதை அவருடைய கணக்கே காட்டிற்று. எனினும், நாஜி அரசு 1933 ஜூலை 14 அன்று மரபு நோயாளர்க்குக் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியபோது, அதற்கு விளக்கவுரை எழுதிய மூவருள் அவரும் ஒருவரானார். 1945க்குள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் மட்டும் மருத்துவ நிலையங்களில் இருந்த 70,000க்கு மேற்பட்டோர் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். இத்தனைக்குப் பின்னும், போருக்குப் பிந்திய ஜெர்மனியில் புதிதாக மனச்சிதைவுக்கு ஆளானோர் தொகை குறைந்திருக்கவில்லை என 2010இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

அப்படியாயின் மரபுக்குப் பங்கே இல்லையா? உண்டு. 1966இல் அமெரிக்க மருத்துவர் ஹெஸ்டன், மனச்சிதைவுடைய தாய்மார்க்குப் பிறந்து, உடனே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை ஆராய்ந்தார். அவர்களுள் ஐவர் அந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். நோயற்ற தாய்மார்க்குப் பிறந்து அவ்வாறே வளர்ந்த 50 பேரில் ஒருவரும் ஆளாகவில்லை. ஆனால் முழுதும் ஒரே மரபணுக்களை உடைய இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், மற்றவர்க்கு வருவது ஏறத்தாழப் பாதியளவே. 2022இல் வெளியான பேராய்வு, இந்நோயோடு தொடர்புடைய மரபணு இடங்கள் 287 என்றது. அவை ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவே பங்களிக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் உச்சத்திலிருந்தபோது கருவானவர்களுக்கு இந்நோய் இருமடங்காகக் காணப்பட்டது. கருப்பையைப் பற்றி இப்னு இம்ரான் கொண்ட ஐயம் அடிப்படையற்றதன்று என்று இது நினைக்கச் செய்கிறது.

ஐரோப்பியக் குடும்ப ஆய்வுகளின் தொகுப்புப்படி, மனச்சிதைவு பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவரளவில் வருகிறது. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வருகிறது. எஞ்சிய ஒன்பதின்மர்க்கு வருவதில்லை. தாய்மாமனுக்கு இருந்தால் மருமக்களில் நூற்றுக்கு நால்வரளவே. பிள்ளைகளுக்கு இறங்குவது நோய்க்கான சாய்வேயன்றி நோயன்று.

இக்கணக்கை அறியாத அச்சம் நம்மிடையே செய்யும் தீங்கு சிறிதன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். நோயாளிகளை வீடுகள் இவ்வாறு தொலைவில் விட்டுவிடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. மற்றப் பிள்ளைகளின் சம்பந்தம் கெட்டுவிடும் என்னும் அச்சமும் அவற்றுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். மறைக்கப்படும் நோய் மருத்துவரிடம் காலம் தாழ்ந்தே சேர்கிறது. தாழ்ந்து சேர்வதால் முற்றுகிறது. முற்றிய நோயைக் கண்டு ஊர் மேலும் அஞ்சுகிறது.

அந்தத் தந்தையார் இன்று வந்து கேட்பாராயின் இவ்வாறு விடை கூறுவோம். பெண்ணின் நலத்தைப் பெண்ணிடத்தில் பாருங்கள். அவள் தமையனின் நோயைக் காரணம் காட்டி அவளைக் குறையுடையவளாக்க ஷரீஅத்தில் இடமில்லை. ஐயமிருந்தால் மனநல மருத்துவரிடம் இரு வீட்டாரும் சேர்ந்து சென்று கேளுங்கள். மணமக்களில் எவருக்கேனும் நோய் இருந்தால் அதை மறைப்பது மோசடி. அதைச் சொல்லிவிடுவது பெண் வீட்டார்க்கும் மாப்பிள்ளை வீட்டார்க்கும் ஒருங்கே கடமை. சொன்னவரைச் சபையில் இழிவு செய்யாதிருப்பது ஜமாஅத்தின் கடமை. இதை அன்றே சொல்லத் தெரியாமற் போனது நம் குறையே.

வல்லாஹு அஃலம்.