விளிம்பு நகரத்தின் இலக்கணம்: டைசன்ஸ் கார்னர்

அமெரிக்க நகர வரலாற்றில் உயரமான கட்டடம் நெடுங்காலம் நகர மையத்துக்கே உரியதாக இருந்தது. மையத்தில் நிலத்தின் விலை ஏற ஏறக் கட்டடங்கள் மேல்நோக்கி வளர்ந்தன. மையத்தை விட்டு விலக விலக அவற்றின் உயரம் குறைந்து, கடைசியில் புல்வெளி சூழ்ந்த தனி வீடுகளில் போய் முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நெடுஞ்சாலைகள் இந்த ஒழுங்கைக் குலைத்தன. வீடுகளையும் பண்ணைகளையும் தவிர வேறெதுவும் இல்லாதிருந்த புறநகர்ச் சாலைச் சந்திப்புகளில் அலுவலகக் கோபுரங்கள் கூட்டமாக எழும்பின. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் செய்தியாளரான ஜோயல் காரோ, 1991இல் வெளியிட்ட நூலில் இத்தகைய இடங்களுக்கு 'எட்ஜ் சிட்டி', அதாவது விளிம்பு நகரம், என்று பெயரிட்டு, அவற்றை அடையாளம் காண ஐந்து அளவுகோல்களையும் வகுத்தார்.

வாடகைக்கு விடத்தக்க அலுவலகப் பரப்பு குறைந்தது 50 லட்சம் சதுர அடி இருக்க வேண்டும். கடைகளின் பரப்பு 6 லட்சம் சதுர அடிக்குக் குறையக் கூடாது. படுக்கையறைகளைவிட வேலைகளின் எண்ணிக்கை மிகுந்திருக்க வேண்டும். அங்கே புழங்கும் மக்கள் அதை ஒரே இடமாகக் கருத வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் அது நகரத்தின் சாயலே இல்லாததாக இருந்திருக்க வேண்டும். கட்டடத்தின் உயரத்தைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. முதல் இரண்டும் சதுர அடிக் கணக்குகள் மட்டுமே. விளிம்பு நகரத்தின் உயிர்நாடி மூன்றாவது அளவுகோலில்தான் இருக்கிறது. பழைய புறநகர் காலையில் ஆட்களை வெளியே அனுப்பி மாலையில் திரும்பப் பெற்றது. விளிம்பு நகரமோ காலையில் நிரம்பி மாலையில் காலியாகிறது.

காரோவின் அளவுகோல்கள் அனைத்துக்கும் பொருந்தி நின்ற இடங்களுள் ஒன்று, தலைநகர் வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் உள்ள டைசன்ஸ் கார்னர். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த இடத்துக்கு 'பீச் குரோவ்' என்று பெயர். பிறகு அங்கே அஞ்சலதிகாரியாக இருந்த வில்லியம் டைசன் என்பவரின் பெயர் சந்திப்புக்கு ஒட்டிக்கொண்டது. ஏழாம் எண் சாலையும் 123ஆம் எண் சாலையும் வெட்டிக்கொள்ளும் அந்த முக்கில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சில கடைகளும் சுற்றிலும் பண்ணைகளுமே இருந்தன. நிலம் மேடாக இருந்ததால் 1950களில் ராணுவம் அங்கே ஒரு தகவல்தொடர்புக் கோபுரத்தை நிறுவியது. அலுவலகக் கோபுரங்கள் வருவதற்கு முன்பே அந்த வானத்தில் தலைதூக்கி நின்றது அதுதான்.

இடத்தின் தலையெழுத்தை மாற்றியவை சாலைகள். டல்லஸ் விமான நிலையம் 1962இல் திறக்கப்பட்டபோது தலைநகரிலிருந்து அதற்குச் செல்லும் தனிச்சாலை இந்தப் பகுதியைத் தொட்டுச் சென்றது. 1964இல் வாஷிங்டனைச் சுற்றிவரும் 64 மைல் நீள வட்டச்சாலை முழுமை பெற்றது. பழைய சாலைகள் இரண்டும் புதியவை இரண்டும் சேர்ந்து வளைத்த நிலத்தை எந்தத் திசையிலிருந்தும் காரில் அடைய முடிந்தது. அருகிலுள்ள லாங்லியில் சி.ஐ.ஏ. தலைமையகமும் சற்றுத் தொலைவில் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனும் இருந்தமையால், பாதுகாப்புத் துறைக்கு ஆய்வும் கணினிப் பணியும் செய்துதரும் ஒப்பந்த நிறுவனங்கள் இங்கே அலுவலகம் தேடி வந்தன. 1968இல் கூரை மூடிய, குளிரூட்டப்பட்ட பெரும் வணிக வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. கவுண்டி நிர்வாகத்துக்கும் இதில் லாபம் இருந்தது: அலுவலகக் கட்டடம் சொத்து வரி கட்டும், ஆனால் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாது.

டைசன்ஸில் கட்டடங்கள் உயர்ந்ததற்குத் தலைநகரின் சட்டமும் ஒரு காரணம். வாஷிங்டனில் 1894இல் 164 அடி உயரத்துக்கு எழுந்த 'கெய்ரோ' என்னும் கட்டடம் கிளப்பிய எதிர்ப்பால், நாடாளுமன்றம் 1899இல் உயரக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. 1910இல் வந்த சட்டம், கட்டடத்தின் உயரம் எதிரேயுள்ள தெருவின் அகலத்தைவிட 20 அடிக்கு மேல் கூடக் கூடாது என்றும், பெரும்பாலான வணிகத் தெருக்களில் 130 அடியைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுத்தது. ஆகவே தலைநகரின் மையம் தட்டையாகவே நிற்க, மேலே செல்ல விரும்பிய முதலீடு போட்டோமாக் ஆற்றைக் கடந்து ராஸ்லினுக்கும் டைசன்ஸுக்கும் போயிற்று.

ஆயினும் டைசன்ஸின் கோபுரங்கள் பழைய நகர மையத்தில்போல ஒன்றையொன்று நெருக்கி நிற்கவில்லை. இதற்குக் காரணம் கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறது. உள்ளே வரவும் திரும்பவும் வேண்டிய வழியையும் சேர்த்தால், ஒரு காருக்கு 300 முதல் 400 சதுர அடிவரை தேவைப்படுகிறது; அந்தக் காரில் வரும் ஊழியருக்கு மாடியில் ஒதுக்கப்படும் இடமோ பெரும்பாலும் அதைவிடக் குறைவு. மனையின் பரப்போடு ஒப்பிட்டு எவ்வளவு கட்டலாம் என்று கூறும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது சென்னையில் எஃப்.எஸ்.ஐ. என்று வழங்குவது, சற்றே உயர்ந்தாலும் தரையில் காருக்கு இடம் போதாமல் அடுக்குக் கார் நிறுத்தம் கட்ட வேண்டிவரும், செலவும் பன்மடங்காகும். எனவே தரை முழுதும் தார் பரப்பி, நடுவில் ஒரு கோபுரத்தை நிறுத்துவதே மலிவான வழியாயிற்று. எதிரெதிரே நின்ற வணிக வளாகங்களுக்கு இடையில்கூட, பல தடங்கள் கொண்ட 123ஆம் எண் சாலையைக் கடக்க மக்கள் காரையே எடுத்தனர்.

இந்தக் கட்டட வரிசை நடப்பவருக்காக அன்றி, வட்டச்சாலையில் விரைபவருக்காகவே அமைந்தது என்பதற்கு 1980களில் ஃபிலிப் ஜான்சனும் ஜான் பர்ஜியும் வடிவமைத்த அலுவலகக் கோபுரம் தக்க சான்று. அதன் உச்சியிலுள்ள பெரிய வளைவைக் கைப்பிடியாகக் கண்ட உள்ளூர் மக்கள் அதற்குக் 'கடைப்பை' என்றே பெயர் வைத்தனர். அதன் காலடியில் நிற்பவருக்கு அந்தக் கிண்டல் எளிதில் விளங்காது. இத்தனை கோபுரங்கள் எழுந்தும் டைசன்ஸுக்கு மேயரும் இல்லை, நகரமன்றமும் இல்லை. அதை ஆள்வது கவுண்டி நிர்வாகமே.

காரோவின் கருத்தை நகரவியல் ஆய்வாளர் ராபர்ட் லாங் 2003இல் தமது நூலில் மறுபரிசீலனை செய்து, மையமோ விளிம்போ இன்றிச் சாலையோரங்களில் சிதறிக் கிடக்கும் அலுவலகப் பரப்பே விளிம்பு நகரங்களில் உள்ளதைவிட அதிகம் என்று காட்டினார். அந்தச் சிதறலோடு ஒப்பிட்டால் டைசன்ஸ் அடர்ந்த நகரமாகவே தோன்றும். 2010இல் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி ஏற்ற திட்டம் அதை மெட்ரோ நிலையங்களைச் சுற்றி நடக்கத்தக்க நகரமாக்க முனைந்தது. 2014இல் மெட்ரோவின் வெள்ளித் தடம் நான்கு நிலையங்களுடன் வந்து சேர்ந்தது. பிறகு 470 அடி உயரத்தில் எழுந்த கேப்பிட்டல் ஒன் கோபுரம் தலைநகரச் சட்டம் அனுமதிக்கும் எதையும் விஞ்சி நின்றது. முப்பது ஆண்டு என்னும் ஐந்தாவது அளவுகோல் காலப்போக்கில் தானாகவே காலாவதியாகிவிட்டது. மூன்றாவது அவ்வாறு ஆகவில்லை: 2050க்குள் 1 லட்சம் குடியிருப்போரும் 2 லட்சம் வேலைகளும் என்பதே அத்திட்டத்தின் இலக்கு, ஆகவே அது முழுமையாக நிறைவேறினாலும் படுக்கையறைகளைவிட வேலைகளே மிகுந்திருக்கும்.