கோலி சோடாவும் கண்மாய்ப் பாசியும்

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில் இறங்கி ஒரு கோலி சோடா வாங்குங்கள். கோலியை அழுத்தினதும் 'புஸ்'ஸென்று சீறுகிறதே, அதுதான் இந்த வாரக் கதாநாயகன். கரியமில வாயு! நாம் மூச்சில் வெளியே தள்ளுகிற கழிவு. அதையே காசு கொடுத்துக் குடிக்கிறோம்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார். 1767-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை. புளிக்கும் தொட்டிக்கு மேலே தேங்கி நின்ற வாயுவில், ஒரு பாத்திரத்துத் தண்ணீரை இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். நம்ம டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரிதான். சோடா பிறந்தது. அதே மனுஷன் 1771-ல், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த கெட்ட காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். பத்து நாளில் அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிந்தது. ஆனால் சோடாவும் புதினாவும் ஒரே கதை என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

பிடித்தவர்கள் வேறு இரண்டு பேர். தண்ணீரில் மூழ்கிய இலை வெயிலில் குமிழி விடும், இருட்டில் விடாது என்று 1779-ல் சொன்னார் டச்சுக்கார டாக்டர் இன்ஜென்ஹவுஸ். ஜெனீவாவின் ழான் செனபியே 1782-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். கரியமில வாயு கரைந்த தண்ணீரில்தான் அந்தக் குமிழி வருகிறது. கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் வருவதில்லை. ஆக, செடிக்குச் சாப்பாடு அந்த வாயுதான்.

பள்ளிக்கூடத்தில் இதை நீங்களே செய்திருப்பீர்கள். பீக்கரில் ஹைட்ரில்லா, மேலே கவிழ்த்த புனல், அதற்கு மேல் சோதனைக் குழாய். வாத்தியார் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடச் சொல்வார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. அந்த உப்புதான் செடிக்குக் கரி கொடுக்கிறது.

தண்ணீரில் கரிக்கு அவ்வளவு பஞ்சமா? போடிமெட்டுக்கு ஏறும்போது பாருங்கள். மர நிழலில் ஏலச்செடி இலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. காற்று அடிக்க அடிக்க அதற்குப் புது வாயு கிடைத்துக்கொண்டே இருக்கும். மலைச்சரிவில் பாறை பாறையாக விழுந்து வரும் ஓடையில் இருக்கும் செடிக்கும் பெரிய கஷ்டமில்லை. தண்ணீர் ஓடுகிறது, சாப்பாடு வந்துவிடுகிறது. ஆனால் அதே தண்ணீர் கொட்டகுடி ஆறாகி, கீழே கண்மாய்களில் அடைந்து அசையாமல் நிற்கும்போது கதை மாறிவிடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் கரியமில வாயு ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். பகல் பதினோரு மணிக்கெல்லாம் இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும் செடிகள் உண்டு.

ஹைட்ரில்லா மட்டும் கிடக்காது. இதை முதலில் மோப்பம் பிடித்தவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். கல்கத்தாவில் 1917-ல் ஆரம்பித்த தன் ஆராய்ச்சி நிலையத்தில், ஹைட்ரில்லா விடும் ஒவ்வொரு குமிழியையும் தானே கோடு போட்டுக் கணக்கு வைக்கும் ஒரு கருவியைச் செய்தார். குளிர்காலத்துச் செடியும் கோடைச் செடியும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. கோடைச் செடியில் மாலிக் அமிலம் சேர்ந்திருந்தது. தண்ணீரில் வாயு இல்லாதபோதும் அதை வைத்தே அது பிழைப்பை ஓட்டியது. 1924-ல் புத்தகமாகவே போட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கரும்பு இதே மாலிக் அமில வழியில் கரியைச் சேர்ப்பதை ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966-ல் விளக்கிய பிறகுதான், கல்கத்தாக்காரர் எதைத் தொட்டிருக்கிறார் என்று புரிந்தது.

இதற்கிடையே வீட்டு மீன் தொட்டிக்காரர்களும் அதே பஞ்சத்தில் முட்டிக்கொண்டார்கள். என்ன உரம் போட்டாலும் செடி கரைந்து போகும். ஜப்பானில் சைக்கிள் பந்தய வீரராக இருந்த தகாஷி அமானோ, 1970-களில் தொட்டியில் சோடாவையே ஊற்றிப் பார்த்தார். செடி குமிழி விட்டது! 1982-ல் அவர் தொடங்கிய கம்பெனி கரியமில வாயு சிலிண்டரோடு தொட்டித் தோட்டக் கலையையே உலகம் பூராவும் விற்றது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடியான சிவப்பு ரொட்டாலா, தொட்டியில் அந்த வாயு இல்லாவிட்டால் பெரும்பாலும் முகம் சுளித்துவிடும். காசில்லாதவர்கள் பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் புளிக்கவிட்டுக் குழாய் விடுகிறார்கள். அதாவது, பிரீஸ்ட்லியின் பீர் தொட்டி! லிட்டருக்கு 30 மில்லிகிராமை ரொம்பத் தாண்டினால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ராத்திரியில் மூடிவிட வேண்டும். இருட்டில் செடியே வாயுவை வெளியே விடும்.

சிலிண்டர் கேட்காத செடிக்கு வருகிறேன். 1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து, தொட்டிக்கு அழகு சேர்க்க என்று, அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துத் தாம்பா நகருக்கு ஹைட்ரில்லா போனது. வியாபாரப் பெயர் 'இந்தியன் ஸ்டார் வைன்'. நம்ம கண்மாய்ப் பாசிக்கு என்ன பவிசு பாருங்கள்! விற்பனைக்காகக் கால்வாயில் வளர்த்தார்கள். 1960-க்குள் கிரிஸ்டல் ரிவரிலும் மயாமிக் கால்வாய்களிலும் பரவியாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் வளரும். அங்கே போனது அத்தனையும் பெண் செடி. விதைக்கு வழியே இல்லை. ஒடிந்த துண்டும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் போதும் அதற்கு. மற்ற செடிகள் பட்டினி கிடக்கும் வெந்நீர் ஏரியில் இது மட்டும் எப்படி மேய்கிறது என்று புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போவ்ஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். வெயிலும் பஞ்சமும் கூடினால் இந்தச் செடி கரும்பின் வழிக்கு மாறிக்கொள்கிறது. போஸ் பார்த்த கோடைச் செடிதான் அது.

1990-களில் மரபணுவை ஒப்பிட்டார்கள். புளோரிடாச் செடிக்கு மிக நெருங்கிய சொந்தமாக வந்து நின்றது பெங்களூரில் எடுத்த பாசி.

அதைத் தின்று தீர்க்க அங்கே ஏரிகளில் புல்கெண்டை விடுகிறார்கள். நம் ஊரில் கண்மாயில் வளர்த்துக் கிலோ கணக்கில் குழம்புக்கு வாங்குவோமே, அதே மீன். ஆனால் அங்கே அரசு அனுமதி வாங்கி, இனம் பெருக்க முடியாதபடி மலடாக்கிய மீன்களைத்தான் விட வேண்டும். ஒரு தடவை சூடு கண்டவர்கள் இல்லையா!