லயத்திலிருந்து ஒரு வாசிப்பு: பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ தொகுப்பும் சப்ரகமுவத் தோட்டங்களும்

பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ 10 கட்டுரைகளின் தொகுப்பு. கற்பில் தொடங்கி, காதல், மறுமணம், சொத்துரிமை, கர்ப்பத்தடை எனச் சென்று, ஆண்மை அழியவேண்டும் என்பதில் முடிகிறது. காலத்தை விஞ்சிய சிந்தனை என்று அதைப் போற்றும் வாசகர் உண்டு. குடும்பத்தைக் குலைக்கும் நூல் என்று சினப்பவரும் உண்டு. இரு சாராரும் மனத்தில் கொண்டிருப்பது சொந்த வீடும் பங்கிடச் சொத்தும் உள்ள குடும்பத்தையே. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்ட லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளிலிருந்து, வாசிக்கும்போது நூலின் வலுவும் போதாமையும் வேறு இடங்களில் தென்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த நூலுக்குத் தோட்டம் அந்நியமன்று. பெரியார் 1932இல் இலங்கைக்கு வந்து உரையாற்றினார். திராவிட இயக்கச் சிந்தனையைப் பின்பற்றிய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் 1962இல் தடைசெய்யப்படும்வரை தோட்டத் தொழிலாளரிடையே இயங்கியது.

முதலில் சொத்துரிமை. சொத்தும் கல்வியும் தொழிலும் கிடைத்தால் பெண்ணின் அடிமைத்தனம் தளரும் என்பது பெரியாரின் தருக்கம். லயக் காம்பராவோ தோட்டத்துக்குச் சொந்தம். அங்கே ஆணுக்கும் சொத்தில்லை. பெண்ணுக்குத் தொழில் இருக்கிறது: விடியலில் இறப்பர் பால் வெட்டுகிறாள், கொழுந்து பறிக்கிறாள். ஆயினும் அவள் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிச் செல்லும் வழக்கத்தை ரேச்சல் குரியனின் 1982ஆம் ஆண்டு ஆய்வு பதிவுசெய்தது. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. ஆகவே லயத்து வாசகி ‘சொத்து’ என்ற சொல்லைச் ‘சம்பளம்’ என்று மாற்றி வாசிக்க வேண்டியிருக்கிறது. உழைத்து ஈட்டுவது மட்டும் விடுதலையாகாது; ஈட்டியது யார் கையில் சேர்கிறது என்பதும் கேள்வியாகிறது.

அடுத்து கர்ப்பத்தடை. நாட்டின் வறுமைக்காகவோ உடல்நலத்துக்காகவோ மட்டுமன்றி, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிப்பின் அருமை தோட்டத்தில்தான் முழுமையாக விளங்கும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பணக் கொடுப்பனவும் அழுத்தமும் சேர்ந்து பெண்களைக் கருத்தடைச் சிகிச்சைக்குத் தள்ளியதை மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் எழுதினார். கருவி அதேதான்; முடிவெடுத்தவர் வேறு. கர்ப்பத்தடையை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற பழைய விவாதம் இங்கே பயனற்றுப்போகிறது.

சுயமரியாதை மேடைக்காக எழுதப்பட்ட நூலிடம் தோட்டத்தைக் கேட்பது முறையா என்று வினவலாம். முறைதான். தொகுப்பு நூலில் எதை முதலில் எடுப்பது, எதை எதனோடு சேர்ப்பது என்பதை வாசகரே தீர்மானிக்கிறார். அந்தத் தேர்விலேயே அவர் கருத்தும் வெளிப்படுகிறது. கற்பு இருபாலருக்கும் பொதுவாகட்டும் என்ற முதற்கட்டுரையை, மறைவென்று ஒன்றில்லாத ஒற்றை அறையில் வாழ்பவள் கதவும் தாழ்ப்பாளும் கோரும் குரலாக வாசிக்கலாம். ஆண்மை அழியவேண்டும் என்ற இறுதிக் கட்டுரையில் கணவனோடு கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் அவள் கண்முன் வருவர். வீட்டு அதிகாரத்தை எதிர்த்து எழுதப்பட்ட நூல், அவள் கையில் மலையின் அதிகாரத்தையும் விசாரிக்கும் நூலாகிறது.