வரைபடங்களில் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு நகர்வு

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் மலையேறி, மேற்கேயுள்ள ஏலமலைக்கு வேலை தேடியும் குடியிருக்கவும் சென்ற வரலாற்றை, வெவ்வேறு காலத்து நில வரைபடங்களை அருகருகே வைத்துப் படிக்க முடியும். இதேபோல் அமெரிக்க மாணவர்கள் தங்கள் நாடு மேற்கே விரிந்த கதையை வரைபடங்களின் துணையோடு கற்பது நெடுநாள் வழக்கம். ஆனால் அங்கே 1785-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மைல் சதுரங்களாக நிலத்தை அளந்து கட்டம் போட்ட பிறகே அரசு விற்றது. இங்கே கட்டம் கிடையாது. மலை முகடே கோடு.

ஓடைப்பட்டியிலிருந்து தொடங்கலாம். அது பள்ளத்தாக்கின் கிழக்கோரத்தில், மேகமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஊர். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தில் இது 58 ஜி/5 தாளில் வரும். நிலத்தில் ஒரு கிலோமீட்டர் தாளில் இரண்டு சென்டிமீட்டர். இந்த ஒரு தாள் போதாது. கம்பத்துக்கு 58 ஜி/6, போடிக்கு 58 எப்/8, உடும்பன்சோலைக்கு 58 ஜி/1, குமுளிக்கும் பெரியாறு அணைக்கும் 58 ஜி/2 என ஐந்தையும் தரையில் விரித்து ஒட்டிப் பார்த்தால்தான் கதை பிடிபடும். சமவெளியின் மஞ்சள் நிறம் விளைநிலம். பழுப்புநிறச் சமஉயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி ஏறக்குறைய சுவராக நிற்கும் இடம் மலைச்சரிவு. அந்தச் சுவரில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று சில வாசல்கள். போடியிலும் கம்பத்திலும் விடியுமுன் ஜீப் ஏறித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் இந்த வாசல்கள் வழியாகத்தான் போகிறார்கள்.

பழைய அளவைகளில் முதன்மையானது, 1816 முதல் 1820 வரை லெப்டினன்ட்கள் வார்டும் கானரும் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளில் நடத்தியது. அமெரிக்காவின் மேற்கை ஆராய்ந்த லூயிஸ்–கிளார்க் பயணத்தின் வரைபடம் அங்கே அச்சேறியது 1814-இல். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலம். காட்டுப்பகுதி என்று வெறுமையாக விடப்படும் இடங்களை இரண்டு நாட்டு வரைபடங்களிலும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். ஏலமலையின் பச்சைக்குள் முதுவர், மன்னான், பளியர் முதலிய பழங்குடியினர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1877-இல் பிரிட்டிஷ்காரரான ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபோதும் அங்கே முதுவர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஊர்ப்பெயர்களும் சான்றுதான். சமவெளியில் காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, எரசக்கநாயக்கனூர் என ஆள்பெயரும் சாதிப்பெயரும் சேர்ந்து வரும். முகட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு என்று நிலத்தின் பெயர்களே மிகுதி. தமிழாக ஒலிக்கிறது என்பதாலேயே இவற்றைத் தமிழர் வைத்த பெயர்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பாறையும் சோலையும் மலையாளத்துக்கும் சொந்தம்.

எல்லைக்கோட்டின் கதை வேறு மாதிரி. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. வரைபடத்தில் இந்தப் பகுதியின் முகட்டுக்கோடு நகரவில்லை. இருபுறமும் எழுதியிருந்த சென்னை மாகாணம், திருவிதாங்கூர் என்ற பெயர்களே காலப்போக்கில் மாறின. அதற்கு முந்தைய ஆண்டுகளில் திருவிதாங்கூர்–கொச்சி அரசு மலையாளிகளை எல்லையோரம் குடியமர்த்தியது. அதன் முதலமைச்சராக இருந்த பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரால் பட்டம் காலனி அவ்வாறு உருவானது. ஆகவே ஏலமலையில் கிழக்கிலிருந்து ஒரு நகர்வும் மேற்கிலிருந்து மற்றொரு நகர்வும் வந்து சந்தித்தன.

இன்னொரு எல்லையைத் தண்ணீர் வரைந்தது. 1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தான பெரியாறு குத்தகை ஒப்பந்தம், 155 அடிச் சமஉயரக் கோட்டுக்குள் மூழ்கும் சுமார் 8,000 ஏக்கரை ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வீதம் 999 ஆண்டுகளுக்குச் சென்னை அரசுக்குக் கொடுத்தது. சமஉயரக் கோடு ஒன்றே சட்ட எல்லையாகிவிட்ட இதைப்போன்ற இடம் மாணவருக்குக் கிடைப்பது அரிது. பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓட வேண்டிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது.

ஆட்கள் மேற்கே ஏற, தண்ணீர் கிழக்கே இறங்கியது. ஏலக்காயும் தேயிலையும் அப்படியே. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியில் கொட்டகுடிப் பக்கம் இறங்கியது. 1928-இல் மதுரையிலிருந்து வந்த ரயில் பாதை, தாளில் பார்த்தால், மலையை முட்டிக்கொண்டு போடியிலேயே நின்றுவிடுகிறது.